காட்டுக்குப் போகுமுன் எண்ணூர் வரை ஓர் ஒத்திகை

1973-ம் வருடம், கோடை தொடங்கும் நேரம். அப்போது நான் ராயபுரத்தில் குடியிருந்தேன். திருவொற்றியூரில் ஒரு சின்ன ரசாயனக் கம்பெனியில் ஸ்டோர் கிளார்க் வேலை. இருபத்தாறு வயது, கல்யாணம் ஆகவில்லை. வாயும் கொஞ்சம் அதிகம்.

எனக்கு இரண்டு நண்பர்கள். ஒருவர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுபவர், ஞாயிறு முதல் பூசையை முடிக்காமல் எங்கும் கிளம்ப மாட்டார். இன்னொருவர் வண்ணாரப்பேட்டையில் ஜவுளிக்கடை வைத்திருந்த பாய். கடலையும் புகைக்கூண்டுகளையும் பார்த்தே வளர்ந்த எங்களுக்கு, ஒரு முறையாவது காட்டுக்குள் நடந்து, கூடாரம் போட்டுத் தங்கிவிட்டு வர வேண்டும் என்று ஆசை. முதுமலைக்குப் போவதென்று முடிவானது. காட்டிலாகாவுக்குக் கடிதம் எழுதிப் போட்டேன். ஒரு மாதம் கழித்து அனுமதி வந்தது. கோடையில் நடைபாதையில் தண்ணீர் கிடைக்காது, குடிநீரை நீங்களே சுமந்து வர வேண்டும் என்று அதில் எழுதியிருந்தது.

ஏற்பாடெல்லாம் என் தலைமையில்தான். கூடாரத்துக்குத் தார்ப்பாயை கிரேன் நண்பர் ஏற்றுக்கொண்டார். போர்வையும் உடுப்பும் பாயின் பொறுப்பு. தண்ணீருக்கு நான்தான் வழி சொன்னேன். எங்கள் ஸ்டோரில் காலி பாலிதீன் கேன்கள் குவிந்து கிடக்கும். கழுத்தில் சிவப்புப் பட்டை போட்ட, தூக்க வாகான கேன்கள். அதில் ஒன்றை எடுத்துவந்தேன். இதில் யாருக்கும் சந்தேகமே வரவில்லை. எங்கள் பக்கத்தில் கம்பெனி டிரம்மில் தண்ணீர் பிடித்து வைக்காத வீடு எது? தண்ணி லாரி வந்தால் வரிசையில் நிற்பதில் பாதி கம்பெனிச் சாமான்தான். சாம்பல் போட்டு, புளி போட்டு, வெந்நீர் ஊற்றி நாலு நாள் கழுவினேன். நாற்றம் போய்விட்டது, அவ்வளவுதான் விஷயம் என்று நினைத்துவிட்டேன்.

காட்டுக்குப் போக மூன்று வாரம் இருக்கும்போது ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒத்திகை வைத்தேன். மூட்டை முடிச்சோடு ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை நடக்க வேண்டும். வழியில் டீ, சோடா எதுவும் கூடாது. எண்ணூர் போய்ச் சேர்ந்த பிறகுதான் தண்ணீர். எல்லாம் நான் போட்ட சட்டம். கேனைச் சுமக்கும் முறை பாய்க்கு வந்தது.

திருவொற்றியூர் தாண்டியதும் பாய் பின்தங்கத் தொடங்கினார். திரும்பிப் பார்த்தால் வேர்த்து ஊற்ற, வயிற்றைப் பிடித்துக்கொண்டு வருகிறார்.

"முடிலப்பா. வயித்தப் பொரட்டுது, கண்ணு வேற மங்கலா கீது."

நான் சிரித்தேன். "இன்னா மாமு, இதுக்கேவா? காட்டுல யானை தொரத்துனா கல்லாவுல போய் குந்திக்குவியா?"

கிரேன் நண்பர்கூட, "பாவம், கொஞ்சம் உக்காரட்டும்பா" என்றார். நான் கேட்கவில்லை. கடைக்காரர், உட்கார்ந்தே பழகிய உடம்பு, நடிக்கிறார் என்றே நினைத்தேன். நடக்க நடக்கச் சரியாகிவிடும் என்று சொல்லி இழுத்துக்கொண்டு போனேன். அவர் அதற்கு முன்பே தாகம் தாங்காமல், என் வாய்க்குப் பயந்து, எங்களுக்குத் தெரியாமல் கேனிலிருந்து நாலு மடக்குக் குடித்திருந்தது எனக்கு அப்போது தெரியாது.

எண்ணூரை நெருங்கும்போது சாலையோரமாக வாந்தி எடுத்துவிட்டு அப்படியே சரிந்தார். வாயில் எச்சில் ஒழுகியது. வெயில் தாக்கிவிட்டது என்று பதறி, அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டு, கேன் மூடியைத் திறந்து வாயருகே கொண்டுபோனேன்.

பக்கத்தில் மீன் உலர்த்திக்கொண்டிருந்த ஒரு அம்மா ஓடிவந்து என் கையில் ஓங்கி ஒரு அடி அடித்தார். கேன் உருண்டது.

"அடப்பாவி! கம்பெனி கேனா அது? இதுலியா குட்ச்சாரு?"

"நல்லா கழுவியாச்சும்மா. நான் அந்தக் கம்பெனியிலதான்..."

"எங்க வூட்டுக்காரும் இதே செவப்புப் பட்ட கேனுலதான் தண்ணி குட்ச்சாரு. நாங்களும் வெயிலுன்னு நென்ச்சி மோரு குட்த்துகினு இருந்தோம். அன்னிக்கே போய்ட்டாரு. பேசிகினு நிக்காத, தூக்கு!"

சொல்லிவிட்டு நடுச்சாலையில் போய் நின்றார். உப்பு ஏற்றிவந்த லாரி ஒன்று அலறிக்கொண்டு பிரேக் போட்டது. டிரைவர் திட்டிய திட்டைக் காதிலேயே வாங்காமல், எங்களை ஏற்றிவிட்டுத் தானும் ஏறிக்கொண்டார். ஆஸ்பத்திரியில் டாக்டரிடம், "மருந்து கேனுல தண்ணி குட்ச்சிட்டாருய்யா" என்று முதலில் சொன்னதும் அவர்தான்.

பாய் பிழைத்தார். இன்னும் அரை மணி தாமதித்திருந்தாலோ, நான் கொடுத்ததைக் குடித்திருந்தாலோ கஷ்டம்தான் என்றார் டாக்டர். எங்கள் கம்பெனி கெமிஸ்டிடம் கேட்டபோது, அந்தக் கேனில் வந்தது பூச்சிமருந்து, பிளாஸ்டிக்கில் ஊறிவிட்டால் எத்தனை கழுவினாலும் போகாது என்றார். வருடக்கணக்கில் அதற்கு ரசீது எழுதியவன் நான், ஒரு நாளும் கேட்டதில்லை.

ஒரு வாரம் கழித்து பாயின் கடையிலிருந்து ஒரு புடவை எடுத்துக்கொண்டு அந்த அம்மாவைப் பார்க்கப் போனேன். அவர் புடவையைத் தொடவே இல்லை.

"அந்தக் கேன இன்னா பண்ணே?"

"ஒடச்சுப் போட்டுட்டேம்மா."

"ஒண்ண ஒடச்சே. உங்க கம்பெனி வாசல்ல எத்தினி வித்துகினு கீறாங்கோ?"

மறுநாள் முதல், ஸ்டோரை விட்டுப் போகும் காலிக் கேன் ஒவ்வொன்றின் அடியிலும் என் கையாலேயே ஆணி அடித்து ஓட்டை போட்டேன். ஓட்டைக் கேனை யார் வாங்குவார்கள் என்று மேலே இருந்தவர்கள் குதித்தார்கள். யாரும் வாங்கக் கூடாது என்றுதான் என்றேன். வேலையில் இருந்த கடைசி நாள் வரை அதை விடவில்லை.

அடுத்த வருடம் மூவரும் முதுமலைக்குப் போய்வந்தோம். தலைமை கிரேன் நண்பருக்குப் போயிருந்தது. பாய் எந்த மனத்தாங்கலும் இல்லாமல் என்னோடு பேசிக்கொண்டே நடந்தார். அவர் கொஞ்சம் மூச்சு வாங்கினாலும் நான் மூட்டையை இறக்கிவைத்து உட்கார்ந்துவிடுவேன்.

கேனில் இருந்தது விஷம் என்று எனக்குத் தெரியாது, அதற்காக என்னை நானே ஒருவாறு மன்னித்துக்கொண்டேன். ஆனால் "முடிலப்பா" என்று அவர் சொன்னது என் காதில் தெளிவாகவே விழுந்தது, விழுந்த பிறகுதான் நான் சிரித்தேன் என்பதை இத்தனை வருடமாகியும் என்னால் ஜீரணிக்க முடியவில்லை.