எதிர்க்கடையிலிருந்து வந்த எழுத்து

போன வருடம், திராட்சைத் தோட்டத்தில் கவாத்து முடிந்து கொஞ்சம் மூச்சு விட்ட சமயம். ஓடைப்பட்டியிலிருந்து நானும் கணவரும் பைக்கில் எங்கள் தேனி மாவட்டத்துக் கூடலூருக்குக் கிளம்பினோம். அங்கே இருக்கும் என் அண்ணனுக்குத்தான் மகளின் காதுகுத்துப் பத்திரிகையை முதலில் வைக்க வேண்டும். போகிற வழியில் உத்தமபாளையத்தில் ஒரு கடையில் பத்திரிகையை பிரிண்ட் எடுத்துக்கொள்வதாக ஏற்பாடு.

இதிலென்ன இருக்கிறது என்பீர்கள். நாங்கள் வீடு கட்டிப் பால் காய்ச்சியபோது, அச்சகத்தில் பத்திரிகையில் அண்ணன் பெயரை விட்டுவிட்டார்கள். அச்சகத்தின் தவறு என்றால் எங்கள் பக்கம் யார் நம்புவார்கள்? அன்றிலிருந்து அண்ணன் என் வீட்டு வாசல்படி மிதிக்கவில்லை. தாய்மாமன் மடியில் உட்காராமல் பிள்ளைக்கு என்ன காதுகுத்து? அண்ணிதான் பேசிப் பேசி அவர் மனதைக் கரைத்து, "இன்னைக்குச் சாயங்காலம் வீட்டுல இருப்பாக. பத்திரிகையோட வந்துருங்க. விடிஞ்சா ஏலக்காத் தோட்டத்துக்குக் கெளம்பிருவாக, திரும்பி வர நாளாகும்" என்று போனில் சொல்லியிருந்தார்.

கடைக்காரர் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு முஸ்லிம் அக்கா. பென்டிரைவைச் செருகிப் பத்திரிகையைத் திறந்தவர், ஒரு நொடி பார்த்துவிட்டுக் கலகலவென்று சிரித்தார்.

"ஏ ஆத்தா! ஒங்க சொந்தக்காரவுக அம்புட்டுப் பேரும் இங்கிலீஷ்ல கெட்ட வார்த்தை மாதிரில்ல நிக்கிறாக!"

எட்டிப் பார்த்தேன். தமிழே இல்லை. இங்கிலீஷ் எழுத்தும் கொக்கியும் ஆச்சரியக்குறியுமாகத் திரை முழுக்கக் குப்பை. பத்திரிகையை டிசைன் செய்தவர் தேனியில் இருக்கும் கணவரின் நண்பர். அவர் போட்டிருந்த ஃபாண்ட் இந்தக் கம்ப்யூட்டரில் இல்லை, அதனால்தான் இப்படி என்றார் அக்கா. நண்பருக்குப் போன் அடித்தால், அவர் குடும்பத்தோடு மேகமலையில். லைன் கிடைக்கவே இல்லை. அவர் முன்பு அனுப்பிய படம் என் போனில் இருந்தது. அதை பிரிண்ட் எடுத்தால் எல்லாம் மங்கல். அக்கா தன்னிடம் இருந்த ஃபாண்டையெல்லாம் மாற்றி மாற்றிப் போட்டார். ஒன்றில் ஓரளவு தமிழ் வந்தது. ஆனால் வரிக்கு வரி எழுத்துகளைக் காணோம்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. அண்ணன் கதையைக் கொட்டிவிட்டு, "நீங்களே புதுசா டைப் அடிச்சுருங்கக்கா" என்றேன்.

"அரைப் பக்கத்துக்கு வெறும் பேரா இருக்கு. அவசரத்துல அடிச்சு மறுபடி ஒரு பேரு விட்டுப்போச்சுன்னா, நீங்க யாரு மூஞ்சில முழிப்பீக?" என்றவர், பேச்சை நிறுத்தி வாசலைப் பார்த்தார். நேர் எதிரே இன்னொரு பிரிண்டிங் கடை.

"அந்த ஃபாண்ட் அங்கன இருக்கும். முன்ன எங்க ரெண்டு குடும்பமும் ஒண்ணாக் கட போட்டுருந்தோம். பிரிஞ்சதுலருந்து பேச்சுவார்த்தை இல்ல."

நான் போய்க் கேட்கிறேன் என்று எழுந்தேன்.

"அவருக்கு வர வேண்டிய வேலைய எங்கிட்டக் குடுத்துட்டு, ஃபாண்ட மட்டும் அவருகிட்டக் கேப்பீகளா? நல்லாருக்கே! உக்காருங்க."

தலைமுக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, பென்டிரைவும் கையுமாக அவரே இறங்கிவிட்டார். நடுரோட்டில் ஒரு ஜீப்புக்கு வழிவிட்டு நின்றபோது, திரும்பி வந்துவிடுவாரோ என்று எனக்குப் பதைபதைத்தது. வரவில்லை. கடந்து போய் அந்தக் கடை வாசலில் நின்றார். உள்ளே இருந்தவர் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றது இங்கிருந்தே தெரிந்தது.

கொஞ்ச நேரத்தில் இரண்டு பேருமாக வந்தார்கள். எதிர்க்கடைக்காரரே உட்கார்ந்து ஃபாண்டை ஏற்றினார். பத்திரிகையை மூடித் திறந்ததும் பளிச்சென்று தமிழ்! எங்கள் சொந்தபந்தம் முழுக்க வரிசையாக வந்து நின்றது. முதல் வரியில் என் அண்ணன். சத்தியமாகச் சொல்கிறேன், கையெடுத்துக் கும்பிட்டுவிட்டேன்.

கிளம்பும்போது அவர் மேசையைப் பார்த்து, "அந்தப் பழைய ஸ்கேனர இன்னும் மாத்தலையா தங்கச்சி?" என்றார்.

"நீங்க பிரிச்சுக் குடுத்த பங்கு அதுதானண்ணே!" என்றார் அக்கா வெடுக்கென்று. அவர் சிரித்தேவிட்டார். அக்கா எல்லோருக்கும் டீ சொன்னார்.

கூடலூரில் அண்ணன் பத்திரிகையை லைட்டுக்கு நேரே பிடித்து, தன் பெயரை வாய்விட்டுப் படித்தார். அப்புறம் என் கணவரிடம், "உள்ள வாங்க மாப்ள, ஏன் வாசல்லயே நிக்கிறீக?" என்றார். காதுகுத்தன்று அவர் மடியில்தான் என் மகள் உட்கார்ந்து ஊரைக் கூட்டி அழுதாள்.

எவ்வளவு பெரிய மனசு அந்த அக்காவுக்கு! முன்பின் தெரியாத எனக்காகத் தன் வீம்பை விட்டுக்கொடுத்தார். நானும் அண்ணனும் பேசாமல் இருந்த காலத்தில், ஓடைப்பட்டிக்கும் கூடலூருக்கும் பஸ் ஓடிக்கொண்டுதான் இருந்தது; நான்தான் ஏறவில்லை. இப்போதெல்லாம் யாரிடமாவது முறுக்கிக்கொண்டு உட்காரத் தோன்றினால், பென்டிரைவோடு நடுரோட்டில் நின்ற அந்த அக்கா கண்முன் வந்துவிடுகிறார். நான் எழுந்து செருப்பை மாட்டிக்கொள்கிறேன்.