என் கைக்குக் கிடைத்த நீதி

என் அத்தை மகள் பொய் சொல்லவில்லை. ஊர் கூடி அவளைப் பொய்க்காரி என்றது. பொய்யன் நான்!

அவள் பெயரை இங்கே எழுத மாட்டேன். அதைக் கெடுத்தவனுக்கு எழுதும் உரிமை ஏது?

சங்கரன்கோவிலிலிருந்து பனவடலிசத்திரம் போகும் வழியில், கரிசல் காட்டுக்கு நடுவே எங்கள் ஊர். எங்கள் வம்சத்தில் பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள் நான். ஊர் ஆரம்பப் பள்ளியிலேயே வாத்தியார் வேலையும் கிடைத்தது. அவளுக்கும் எனக்கும் பரிசம் போட்டாகியிருந்தது.

ஒருநாள் பொழுது சாயும் வேளையில் இருவரும் சந்தையிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தோம். பருத்திக் காட்டு வண்டிப்பாதையில் இரண்டு பேர் மறித்தார்கள். ஒருவன் எங்கள் ஊர்ப் பருத்தித் தரகரின் மகன். மற்றவன் அவன் கூட்டாளி. மதுவிலக்கு இருந்த காலம்தான், ஆனாலும் இருவர் வாயிலும் சாராய நெடி. கம்பால் அடித்து என் கையை ஒடித்தார்கள். விழுந்தேன். கூட்டாளி என் முதுகில் முழங்காலை ஊன்றி உட்கார்ந்துகொண்டான். தரகர் மகன் அவளைப் பருத்திக்குள் இழுத்துப் போனான்.

"அத்தான்! அத்தான்!" என்று கூப்பிட்டாள்…

நான் திமிறவில்லை. கண்ணை மூடிக்கொண்டேன். இன்னொரு அடி விழுமோ என்ற பயம். கேட்டீர்களா? அந்த நேரத்தில் நான் என் மற்றக் கையை நினைத்துப் பயந்தேன்!

மறுநாள் என் கையைப் பார்க்க ஊரே வந்தது. நாட்டு வைத்தியர் மூங்கில் பத்தை வைத்துக் கட்டினார். கோழி அடித்துச் சாறு வைத்தார்கள். "சிங்கம்லா எம் மகன்! ரெண்டு பேர ஒத்தையா நின்னு சமாளிச்சிருக்கான்" என்றார் சித்தப்பா. நான் மறுக்கவில்லை. கதையை ஒவ்வொரு முறை சொல்லும்போதும் வலி கொஞ்சம் இறங்கியது.

அடிபட்டவன் வலி சிறியது என்று சொல்ல வரவில்லை. பின்னால் காலடிச் சத்தம் கேட்டால் இன்றும் எனக்கு வியர்க்கிறது. ஆனால் என் வலிக்கு ஊர் பாய் விரித்தது. அவள் வலிக்கு?

அத்தை கதவைச் சாத்தினாள். "வாயத் தொறந்தே, நாக்க அறுத்துருவேன்" என்றாளாம். அந்த நேரத்தில் அந்தப் பாதையில் ஏன் வந்தாய் என்று என்னை ஒருவரும் கேட்கவில்லை. அவளைப் பெற்ற தாயே கேட்டாள்… தலையில் பூ வைத்திருந்தாயா, அவனைப் பார்த்துச் சிரித்தாயா என்று!

கை கூடியதும், நேர்த்திக்கடன் செலுத்த அம்மா எங்களைச் சங்கரன்கோவிலுக்குக் கூட்டிப் போனாள். எந்த உறுப்பு குணமானதோ அதன் உருவை வாங்கி உண்டியலில் போடுவது வழக்கம். கடைத் தட்டில் தகட்டில் அடித்த கை, கால், கண், பாம்பு, தேள் எல்லாம் குவிந்து கிடந்தன. அம்மா ஒரு கையைப் பொறுக்கிக்கொண்டு உள்ளே போனாள். அத்தை மகள் மட்டும் தட்டைக் கிளறிக்கொண்டே நின்றாள்.

"எனக்கு எதப் போடணும் அத்தான்?"

கையில் எடுத்த தகட்டைத் தட்டிலேயே போட்டுவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"உங்க கையப் பாத்தா அவன் தெரு மாறிப் போறான். என்னப் பாத்தா சிரிக்கான். கெணத்தடிக்கே வந்து நின்னு சிரிக்கான். நான் பஞ்சாயத்துல சொல்லப் போறேன். நீங்க ஆமான்னு ஒரு வார்த்த சொன்னாப் போதும்."

"சரி" என்றேன். மனமாரத்தான் சொன்னேன், நம்புங்கள்.

பஞ்சாயத்து கூடியது என் கைக்காக. அவள் ஓரத்திலிருந்து எழுந்து வந்தாள். குரல் நடுங்கவில்லை. நடந்ததைச் சொன்னாள்.

"ஏட்டி, பொம்பளப் பிள்ள சபையில பேசுத பேச்சா இது?" என்று ஒருவர் சீறினார்.

தரகர் அவளைப் பார்க்கவே இல்லை. என்னைப் பார்த்துத்தான் கேட்டார். "பரிசம் போட்டவரு பக்கத்துலதான இருந்தாரு? சிங்கம்னு சொன்னாகளே வே… சிங்கம் படுத்து ஒறங்கிட்டோ?"

கூட்டம் சிரித்தது.

ஊர்ப் பெரியவர் என் பக்கம் திரும்பினார். "ஏலே தம்பி, நீ படிச்சவன். நீ சொன்னாச் சரி. அவ சொல்லுதது நெசமா?"

அவள் என்னைப் பார்த்தாள்.

"இல்ல… என்னய மட்டுந்தான் அடிச்சாக. அவள யாரும் தொடல."

அவள் மானத்தைக் காப்பாற்றினேன் என்று எத்தனை நாள் எனக்கே சொல்லிக்கொண்டேன்! அதுவா காரணம்? ஆம் என்றிருந்தால், அப்போது நீ என்ன செய்துகொண்டிருந்தாய் என்ற கேள்வி வந்திருக்குமே! அந்தக் கேள்வியிலிருந்து தப்பத்தான், அவளைப் பிடித்துத் தள்ளினேன்.

தரகர் மகன் என் காலில் விழுந்தான். கோவில் விளக்குக்கு எண்ணெய் ஊற்றச் சொல்லித் தீர்ப்பானது. என் கைக்கு நீதி கிடைத்துவிட்டது!

"தனக்குத்தானே சேத்தப் பூசிக்கிட்டவ நமக்கு எதுக்கு?" என்று அம்மா பரிசத்தை முறித்தாள். அப்போதும் நான் வாய் திறக்கவில்லை. அவளை வாசுதேவநல்லூரில் அவள் அக்கா வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

சென்ற தை மாதம் அங்கே போனேன். கொல்லையில் நெல் அவித்துக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டும் அடுப்பை விட்டு எழுந்திருக்கவில்லை.

"என்ன மன்னிச்சிரு" என்றேன்.

"இத எங்கிட்டச் சொல்லவா இம்புட்டுத் தூரம் வந்தீக? நடந்தது எனக்குத்தான் தெரியுமே."

"நான் என்ன செய்யணும்?"

"அதே எடத்துல, அதே ஆளுக முன்னால போயிச் சொல்லுங்க. அவ பொய்க்காரி இல்லன்னு சொல்லுங்க. வேற ஒண்ணும் வேண்டாம். என்னக் கட்டிக்கிடவும் வேண்டாம்."

மறுநாளே போனேன். பஞ்சாயத்து நடந்த அதே வேப்பமரத்தடி. ஏறக்குறைய அதே ஆட்கள், தரகரும் இருந்தார். "வாங்க வாத்தியாரே, இங்கன இரிங்க" என்று துண்டால் தூசி தட்டி இடம் கொடுத்தார்கள். உட்கார்ந்தேன். மழையைப் பற்றிப் பேசினார்கள். பருத்தி விலையைப் பற்றிப் பேசினார்கள். நானும் பேசினேன்… பிறகு எழுந்து வந்துவிட்டேன்.

இப்போது முன்பின் அறியாத உங்களிடம் எல்லாவற்றையும் எழுதிவிட்டேன். பையன் துணிந்துவிட்டான் என்று எண்ணிவிடாதீர்கள்! எங்கள் ஊரில் பத்திரிகை வாங்குகிறவன் நான் ஒருவன்தான். சாயங்காலங்களில் அந்த மரத்தடியில் அதை உரக்க வாசித்துக் காட்டுகிறவனும் நானே. இது அச்சான இந்த இதழும் வரும். இந்தப் பக்கத்தைப் புரட்டிவிட்டு, அடுத்த பக்கத்திலிருந்து வாசிப்பேன்.