வாயால் ஓடிய நீராவிப் படகு

நீராவி இல்லாத நீராவிப் படகில் வேலைக்குச் சேர்ந்தால், நீராவியாக இருப்பதுதான் உங்கள் வேலை. ஓ.எல். பரீட்சை எழுதிவிட்டு றிசல்ட்டுக்குக் காத்திருந்த நான் சேர்ந்தேன். சீகிரியா பார்க்க வருகிறவர்களை ஆற்றில் சுற்றிக்காட்டும் படகு. ஓடுவது டீசலில். புகைபோக்கிக்குள் தேங்காய் மட்டை எரித்துப் புகை விடுவதும், ஒளிந்திருந்து மைக்கில் "கூ...ஊ...ஊ" என்று வாயால் விசிலடிப்பதும் நான். "பெருநாளுக்குப் பொறகு மேல்தட்டுல நின்னு படகோட சரித்திரத்த நீதான் சொல்லணும் மகன்" என்றார் முதலாளி. அந்த ஆசையில்தான் அத்தனை புகையையும் விழுங்கினேன். பாடுபட்டு அடுத்தவருக்குப் பேர் வாங்கிக் கொடுத்த சகோதரர்களே, கேளுங்கள் இந்த அநியாயத்தை!

ஆளுக்கொரு சரித்திரம்

வெள்ளைக்காரர்கள் வந்தால், துரைமார் விருந்து வைத்த படகு. கொழும்புக்காரர்கள் வந்தால், சினிமா எடுத்த படகு. முதலாளி மூச்சு விடாமல் அளப்பார். ஒருநாள் கலேவெலயிலிருந்து அரிசி மில்காரர் ஒருவர் குடும்பத்தோடு வந்தார். "அந்தக் காலத்துப் பொய்லருங்க, இன்னும் உள்ள கொதிக்குது" என்றார் முதலாளி. மில்காரர் கடலை கொறித்தபடி சொன்னார்: "அந்தப் பொய்லர எங்க வாப்பா பழைய இரும்புக்கு வாங்கிட்டாங்களே. எங்க மில்லுல இப்பவும் நெல்லு அவிக்குது!"

தடிமல்

எனக்குத் தடிமல், மூக்கு அடைத்துவிட்டது. விசில் பாதியில் கீச்சென்று உடைந்தது. ஓய்வுபெற்ற ரயில் டிரைவர் ஒருவர் காதைத் தீட்டிக்கொண்டு எழுந்து, வால்வில் கசிவு என்று அடித்துச் சொன்னார். கொத்தமல்லித் தண்ணீர் வேண்டியது எனக்கு! முதலாளி சிரிக்காமல் தலையாட்டினார்: "இன்னைக்கே கழட்டிப் பார்த்து எண்ணெய் ஊத்திர்றேன் ஐயா."

பரீட்சை

பெருநாள் முடிந்தது. "எங்க, சொல்லிக் காட்டு" என்று போனை நீட்டினார். முதலாளியின் மூக்குக் குரலிலேயே சரித்திரத்தை எடுத்துவிட்டேன். "இந்தா வாறேன் முதலாளி!" என்று கீழேயிருந்து எஞ்சின்காரர் ஓடி வந்தார். விசிலும் அடித்தேன், மூன்று விதமாக. முதலாளி எல்லாவற்றையும் பதிந்துகொண்டார். மறுநாள் போனை மைக்கோடு பொருத்திவிட்டு, "நீ வீட்டுக்குப் போய்ப் படி மகன்" என்றார்.

வயிறெரிந்து, பயணியாகவே ஏறி உட்கார்ந்தேன். மேலே என் குரல் சரித்திரம் சொன்னது. என் விசில் கூவியது. யட்டவத்தயிலிருந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு அக்கா என் தோளைத் தட்டினார்: "போன தடவ யாரோ பொடியன் வாயால ஊதுன மாதிரி இருந்துச்சு தம்பி. இதுதான் அசல்!"

வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். என் வாய் ஆற்றில் நன்றாகவே பிழைக்கிறது, பிள்ளைதான் வீட்டில் இருக்கிறான்.