விருந்தாளிக்கு வாங்கிய சிகரெட்

என் தம்பி கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி வீட்டு வாசலுக்கு வருவதற்குள் ஒரு கை சோம்பை மென்று முடித்திருப்பான். தொண்ணூறுகளின் மைசூரில், எங்களைப் போன்ற தமிழ்க் குடும்பங்களில் பெரியவர்களுக்கு முன்னால் யாரும் புகைக்க மாட்டார்கள். பிள்ளை பெற்றவன்கூட அப்பாவைக் கண்டால் சிகரெட்டைக் கீழே போட்டு மிதிப்பான். எங்கள் அப்பா கட்டட மேஸ்திரி, கை நீட்டத் தயங்காதவர். அதனால்தான் அந்தச் சோம்பு. அந்த வாசனை இன்றைக்கும் எனக்குக் குமட்டும்.

சின்ன வயதிலிருந்தே தம்பிக்கு இளைப்பு. பனிக்காலத்தில் தலையணையை முதுகுக்கு வைத்து உட்கார்ந்தபடியே தூங்குவான். அப்படிப்பட்டவனுக்கு நஞ்சன்கூடு ஃபாக்டரியில் அப்ரென்டிஸ் வேலை கிடைத்ததும், இனிக் கவலையில்லை என்று அம்மா நிம்மதியானாள். அங்கேதான் அந்தச் சூப்பர்வைசர் இருந்தார். மரியாதைக்காக ‘அவர்’ என்று எழுதுகிறேன். மனசுக்குள் எப்போதும் ‘அவன்’தான். கொள்ளேகால் பக்கத்துத் தமிழர், மடிப்புக் கலையாத சட்டை, பேச்சில் பாதி கன்னடம். அவருடைய செக்‌ஷனில் ஒரு வழக்கம் இருந்தது. சிகரெட் பிடிக்கிறவர்கள் வேலையை நிறுத்திவிட்டு அவரோடு பின்கேட்டுக்குப் போகலாம். பிடிக்காதவர்கள் மெஷினிலேயே நிற்க வேண்டும். லீவு, ஷிஃப்ட் மாற்றம், யாரை நிரந்தரமாக்குவது, எல்லாம் அந்தப் புகைக்கு நடுவில்தான் முடிவாகும். தனியாக நின்ற என் தம்பியிடம், மைசூர்ப் பையன்கள் ஒருவரையொருவர் கூப்பிடுகிற ‘குரு’வைப் போட்டு அவர் கேட்டாராம்: “ஏன் குரு, தம் அடிக்க அம்மாகிட்ட பர்மிஷன் வாங்கணுமா?” எல்லோரும் சிரித்திருக்கிறார்கள். மறுநாள் அவனும் போனான்.

நான் கண்டுபிடித்துச் சண்டை போட்டபோது அவனிடம் பதில் தயாராக இருந்தது. “பீடி குடிச்சாதான்க்கா நெஞ்சு கெடும். அது கூலிக்காரங்க குடிக்கிறது. இது ஃபில்டர், எல்லாத்தையும் அதுவே புடிச்சுக்கும்.” சொன்னது அவன், சொல்லிக்கொடுத்தது யாரென்று எனக்குத் தெரியும். அடுத்த பனிக்காலத்தில் மூச்சு முட்டி அவனை ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். இனிமேல் தொடவே கூடாது என்றார் டாக்டர். சாத்துக்குடிப் பையோடு பார்க்க வந்த சூப்பர்வைசர் அவன் தோளைத் தட்டி, “டாக்டருங்க அப்படித்தான் சொல்லுவாங்க குரு. சீக்கிரம் வா, நீ இல்லாம பின்கேட் காலியா இருக்கு” என்றார். ஃபிளாஸ்க்கோடு கதவருகில் நின்றிருந்த நான், இந்த ஆளைத் தலைகுனிய வைக்காமல் விடுவதில்லை என்று அப்போதே தீர்மானித்தேன்.

அதற்கான நாள் தானாகவே வீடு தேடி வந்தது. ஆஸ்பத்திரியில் பார்த்த என்னைப் பிடித்துப்போய், தன் அம்மாவோடு பெண் பார்க்க வருவதாக அவர் சொல்லி அனுப்பினார். தம்பிக்குத் தலைகால் புரியவில்லை. “சாரை மாமான்னு கூப்பிடப் போறேன்” என்று தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தான். நான் ஒரு வார்த்தை மறுப்புச் சொல்லவில்லை. பட்டுப்புடவையை எடுத்து வைத்துவிட்டு, தெருமுனைப் பெட்டிக்கடைக்குப் போய் அவர் பிடிக்கிற சிகரெட்டைக் கேட்டேன். கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “வீட்டுக்கு விருந்தாளி வர்றாங்கண்ணா” என்றேன்.

கேசரி, பஜ்ஜி, காப்பி எல்லாம் முறைப்படி நடந்தது. அவருடைய அம்மா நெற்றி நிறைய விபூதி பூசியிருந்தார். மாதேஸ்வரன் மலைக்கு மாதம் தவறாமல் போகிறவர். “என்ர பையனுக்கு ஒரு கெட்ட பழக்கம் கெடையாதுங்க. காப்பிகூட அளவாத்தான் குடிப்பானுங்க” என்று அப்பாவிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். வெற்றிலைத் தட்டைக் கொண்டுவரச் சொன்னார்கள். வெற்றிலைக்கும் பாக்குக்கும் நடுவில் சிகரெட் பெட்டியையும் தீப்பெட்டியையும் வைத்து, மாப்பிள்ளைக்கு முன்னால் குனிந்து நீட்டினேன். “எடுத்துக்குங்க சார். நீங்க பிடிக்கிறது இதுதானே? என் தம்பிக்குப் பழக்கிவிட்டதும் இதுதானே?”

அந்த அம்மா பெட்டியைப் பார்த்தார், மகனைப் பார்த்தார். “நெசமாடா சாமி?” என்று கேட்டார். சூப்பர்வைசரால் தலையை நிமிர்த்த முடியவில்லை. அப்போது எனக்கு இருந்த சந்தோஷத்தை மறைக்க மாட்டேன். விருந்து சாப்பிட்ட மாதிரி வயிறு நிறைந்திருந்தது.

அந்த அம்மா மகனை நேராக மலைக்கு அழைத்துப்போய்ச் சாமி முன்னால் சத்தியம் வாங்கிவிட்டாராம். சூப்பர்வைசர் அன்றோடு சிகரெட்டை விட்டுவிட்டார். கொஞ்ச நாளில் வேறு ஊருக்கு மாற்றலும் வாங்கிக்கொண்டார். தம்பி விடவில்லை. “நீ அசிங்கப்படுத்தினது சாரை இல்லக்கா, என்னை” என்று என்னோடு பேச்சை நிறுத்தினான். பின்கேட்டில் எல்லோரும் அவனைக் காட்டிக்கொடுத்தவனாகப் பார்த்தார்கள். தான் இன்னும் அவர்களில் ஒருவன்தான் என்று காட்டுவதற்காகவே முன்னைவிட அதிகமாகப் பிடித்தான். நாற்பதைத் தொடும் முன்பே நுரையீரல் கைவிட்டது. இன்று என் மகளின் சிநேகிதர்கள் ஹுக்காவைப் பற்றி, “தண்ணியே வடிகட்டிடும் ஆன்ட்டி, வெறும் ஆப்பிள் வாசனைதான்” என்று சொல்லும்போது, என்னையறியாமல் குரலை உயர்த்திவிடுகிறேன்.

போன மாதம் சாமுண்டி மலைப் படிகளில் அந்தச் சூப்பர்வைசரைப் பார்த்தேன். ரிட்டயராகி மைசூருக்கே திரும்பிவிட்டாராம். நரைத்த தலை, வியர்வையில் நனைந்த பனியன், திடமான உடம்பு. அடையாளம் கண்டு கைகூப்பினார். “அன்னிக்கு நீங்க அப்படிச் செஞ்சதாலதாம்மா இன்னிக்கு உயிரோட இருக்கேன். தினமும் நிக்காம மேல வரைக்கும் ஏறுறேன். தம்பி நல்லா இருக்கானா?”

“நெஞ்சு கெட்டுச் செத்துட்டான் சார்.”

அவர் படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

“எந்திரிச்சு ஏறுங்க சார். உங்களுக்குத்தான் மூச்சு இருக்கே” என்று சொல்லிவிட்டு நான் இறங்கிவிட்டேன்.