காலைக் கூட்டத்தில் ஒரு குரல்

கனகமாலா வேலூரில் கட்டட டிப்ளமா முடித்துவிட்டுத் திருவண்ணாமலைக்கு வந்தபோது, ஒரு பெண்ணை சூப்பர்வைசராக வைத்துக்கொள்ள எந்தக் காண்ட்ராக்டரும் தயாராக இல்லை. கடைசியில் அர்ஜுனன் சேர்த்துக்கொண்டார். அவர் எடுத்த வேலை எதுவும் சொன்ன நாளில் முடிந்ததில்லை என்பதுதான் காரணம். செங்கம் சாலையில் ஒரு யாத்ரீகர் விடுதியை அடுத்த கார்த்திகை தீபத்துக்குள் முடித்துத் தருவதாக அவர் ஒப்புக்கொண்டிருந்தார். எண்பதுகளின் தொடக்கம் அது.

சிமெண்டுக் கொட்டகையின் சுவரில் கனகமாலா ஒரு பார் சார்ட் வரைந்தாள். ஒவ்வொரு வேலைக்கும் ஒரு நீலக் கோடு. முடிந்த அளவுக்கு அதன் அடியில் சிவப்பு. சில கோடுகள் மட்டும் தடிமனாக இருந்தன.

"இது ஒரு நாள் தள்ளிப்போனா தெறப்பு விழாவும் ஒரு நாள் தள்ளிப்போகும். மத்தது கொஞ்சம் பொறுக்கும். அதனால தடிச்ச கோட்டு வேலைக்குத்தான் முதல்ல ஆளு, முதல்ல சாமான்" என்று மேஸ்திரி வேடியப்பனுக்கு விளக்கினாள்.

காலையில் வேலை தொடங்குமுன் எல்லோரும் நின்றபடியே ஒரு கூட்டம். நேற்று என்ன முடிந்தது, இன்று என்ன செய்யப்போகிறீர்கள், எது தடுக்கிறது. ஒவ்வொரு குழுவிலிருந்தும் ஒருவர் பதில் சொல்ல வேண்டும். ஜல்லி வரவில்லை என்றால் மதியத்துக்குள் ஜல்லிக்கு ஏற்பாடு செய்துவிடுவாள்.

மாசிப் பனி. எதிரே மலை இருக்கும் இடமே தெரியவில்லை. அஸ்திவாரக் குழிகள் பாதி தோண்டப்பட்டிருந்தன. கொத்தனார்கள் சொன்னார்கள், கம்பி கட்டுகிறவர்கள் சொன்னார்கள், மண் வெட்டுகிறவர்கள் சொன்னார்கள். அதற்குப் பிறகு, பின்னாலிருந்து ஒரு ஆண் குரல் கேட்டது.

"உறை எறக்கலீங்க. தண்ணி ஊறிடுச்சு."

கனகமாலா நிமிர்ந்தாள். "கிணத்துக்கு எறக்கற உறையா? இங்க கிணறே எடுக்கலையே. யாருங்க அது?"

எல்லோரும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சித்தாள் உண்ணாமலை மட்டும் மெல்லத் திரும்பிப் பார்த்தாள். பின்னால் பனியைத் தவிர ஒன்றும் இல்லை.

மறுநாளும் அதே இடத்தில் அதே பதில் வந்தது. மூன்று பேர் கூலியை வாங்கிக்கொண்டு வேலையை விட்டு நின்றுவிட்டார்கள்.

அடுத்த நாள் கூட்டத்தை நிறுத்திவிடச் சொல்லி வேடியப்பன் கெஞ்சினார். கனகமாலாவுக்கும் நிறுத்திவிடலாம் என்று தோன்றியது. ஆனால் தடை என்று ஒருவர் சொன்னால், அது எங்கே என்று கேட்பது அவளுடைய பழக்கம். மற்றவர்கள் பேசி முடித்ததும் குரல் வந்தது. அவள் கேட்டாள்: "எந்த எடம்?"

"வடகிழக்கு மூலைங்க. நீங்க நிக்கிற எடந்தான்."

காலடியில் கிணற்றின் ஈரக்காற்றைப் போல ஒரு குளிர்ச்சி ஏறியது. அவள் நகர்ந்து நின்று, கடப்பாரை கேட்டு வாங்கினாள். குத்திய இடத்தில் கடப்பாரை தடையில்லாமல் இறங்கிப் பிடித்த கை வரை போயிற்று.

செய்தி கேட்டு ஓடிவந்த அர்ஜுனன் தலையில் கை வைத்தார். "பழைய பள்ளமா இருக்கும். தோண்டினா நாள் ஜாஸ்தி போயிடும்மா. கான்கிரீட்டை ஊத்திடு."

"ஊத்தினா தூண் உள்ள எறங்கிடும் சார். அப்ப போற நாளை எப்படிப் பிடிக்கிறது?" அவள் சார்ட்டின் முன் நின்று கோடுகளை மாற்றினாள். மேற்குப் பாதிச் சுவர்களை முன்னால் இழுத்தாள். மதில் வேலைக்கான ஆட்களை அங்கே மாற்றினாள். "இங்க தோண்டறவரைக்கும் யாரும் சும்மா இருக்க மாட்டாங்க."

அர்ஜுனன் முனகிக்கொண்டே ஒப்புக்கொண்டார்.

தோண்டியதில் பாதியில் விட்ட ஒரு கிணறு வெளிப்பட்டது. பக்கவாட்டு மண் சரிந்து, அப்படியே மூடப்பட்டிருந்தது. அடியில் ஒரு மனிதனின் எலும்புகள், பக்கத்தில் துருப்பிடித்த மண்வெட்டி. போலீஸ் வந்து பார்த்து எழுதிக்கொண்டு போனது.

சேதி பரவி, கீழ்பென்னாத்தூரிலிருந்து ஆதிமூலம் என்பவர் வந்தார். காணாமல் போன அண்ணனைத் தேடி வந்த தம்பி.

"மேடம், எங்க அண்ணன் பேரு மண்ணாங்கட்டி. கெணறு வெட்டப் போனவன் திரும்பலீங்க."

உண்ணாமலையின் தலையிலிருந்து மண்சட்டி விழுந்தது. காலைக் கூட்டத்தில் கேட்ட அதே குரல். ஆதிமூலம் அந்த இடத்துக்கு வருவது அதுதான் முதல் தடவை.

அவரிடம் மறைக்க அவளுக்கு மனம் வரவில்லை. நடந்ததைச் சொன்னாள். அவர் ஆச்சரியப்படவில்லை.

"உறை எறக்கல, தண்ணி ஊறிடுச்சுன்னு சொன்னானா? எங்க வீட்டு வாசல்லயும் அதையேதான் சொல்லுவான். கதவைத் தெறந்தா யாரும் இருக்க மாட்டாங்க. எங்கம்மா சாகறவரைக்கும் கேட்டுக்கிட்டே இருந்தாங்க."

எலும்புகளை வாங்கிப்போய்க் கொள்ளி வைத்துவிட்டு, அவர் அங்கேயே மண்வேலைக்குச் சேர்ந்தார். கிணற்றைக் கல்லும் மணலும் போட்டு இறுக்கி, மூலைத் தூணைத் தள்ளி எழுப்பினார்கள். கூட்டத்தில் அந்தக் குரல் பிறகு வரவில்லை. ஆனால் ஆதிமூலம் வாய் திறந்தால் வேலையாட்கள் விலகி நின்றார்கள்.

"நான் பேசினா பயப்படறாங்க மேடம். நான் நின்னுடறேன்."

"நிக்க வேணாம். தடை ஏதாவது இருந்தா கையைத் தூக்குங்க. நான் வந்து கேட்டுக்கறேன்."

தீபத்துக்கு முந்தின வாரம் விடுதியின் கீழ்த்தளமும் முதல் மாடியும் திறந்தன. மொட்டை மாடித் தளம் பாக்கி. அர்ஜுனன் மற்ற சைட்டுகளையும் அவளிடம் ஒப்படைத்தார். பின்னாளில் வேங்கிக்காலில் புது வீடுகள் எழும்பியபோது அவளே காண்ட்ராக்ட் எடுத்தாள். ஆதிமூலமும் உடன் போனார். அங்கே புதிதாக வந்த ஆட்கள் அவரை ஊமை என்றே நினைத்தார்கள். கனகமாலா அவர்களைத் திருத்தவில்லை.