மேஸ்திரி போட்டது ஒரிஜினல் பிஸ்டன் தான்

முனிரத்தினம் மேஸ்திரி செத்துட்டார்.

காலைல ஸ்ரீசிட்டி வேலைக்குப் போய்க்கினு இருந்தேன். பஸ் தடா கிட்ட வரும்போது லாரி ஓனருங்க வாட்ஸ்அப் குரூப்ல பாத்தேன்.

தெரியாதவங்களுக்கு சொல்றேன். சித்தூர்ல குடிபாலா ரோட்ல ஷெட் வெச்சிருந்தவர். லாரி இன்ஜின் வேலைன்னா எல்லாரும் மொதல்ல அவர் பேர தான் சொல்லுவாங்க. சொல்லிக்கினு இருந்தாங்க... நான் வாயத் தொறக்கற வரைக்கும்.

குரூப்ல கும்பிடு எமோஜியா வந்துகினு இருந்துது. நடுவுல ஒருத்தர் போட்டிருந்தார். நல்ல வேலைக்காரராம், அந்த டூப்ளிகேட் பிஸ்டன் விஷயம் ஒண்ணு தான் கொறையாம்.

செத்த அன்னிக்கும் விடல பாருங்க. அப்டி போட்டவர் மேல கோவப்பட எனக்கு இன்னா யோக்யதை இருக்கு? அந்தப் பேச்ச கெளப்பி விட்டவனே நான் தான். அதான் இத எழுதறேன்.

ஏழு வருஷம் முன்ன எங்க வீட்ல ஒரு பத்து சக்கர லாரி. எங்கப்பா, நாங்க நைனான்னு தான் கூப்டுவோம், அவர் பேர்ல. அதோட இன்ஜின முழுசா பிரிச்சி புது பிஸ்டன், லைனர் எல்லாம் போட்டுக் குடுத்தது மேஸ்திரி.

மொதல் லோடுக்கு நான் ஓட்ட, அவரே கேபின்ல ஏறி திருப்பதி வரைக்கும் வந்தாரு. பாட்ட நிறுத்தச் சொல்லிட்டாரு. இன்ஜின் சத்தம் கேக்கணுமாம்.

அப்ப தடால ஒருத்தன் லாரிங்களுக்கு மைலேஜ் டப்பா மாட்டிக்கினு இருந்தான். டீசல் பிரஷர் கம்மியா இருக்குன்னு அந்த டப்பா இன்ஜின் கம்ப்யூட்டருக்குப் பொய் சொல்லும். அத நம்பி கம்ப்யூட்டர் பிரஷர ஏத்தும். வண்டி நல்லா இழுக்கும், கம்மியா மிதிச்சா போதும்.

மாட்லாமான்னு மேஸ்திரிய கேட்டேன். "வேணாம்பா. டீசல் துன்றத கொறச்சா அது இன்ஜினத் துன்ன ஆரம்பிச்சிடும்"னாரு.

கேட்டனா? பழைய ஆளு, கம்ப்யூட்டர் பத்தி இவருக்கு இன்னா தெரியும்னு நெனச்சி மாட்டிட்டேன். வீட்ல மூச்சு விடல.

மைலேஜ் நெஜமாவே வந்துது. அப்பால இன்னொரு அதிசயம்... ஆயில் கொறையவே இல்ல. ஆயில் அளவு பாக்கற ஸ்டிக்க இழுத்துப் பாத்தா ஏறிக்கூட இருக்கும். டீக்கடைல எல்லார் கிட்டயும் பீத்திக்கினேன். டீசல் உள்ள ஒழுகி ஆயில்ல கலந்துகினு இருக்கு, ஆயில் தண்ணியாயிக்கினு வருதுன்னு இந்த மரமண்டைக்குத் தோணல.

பத்து மாசம் ஓடிச்சி. சீசன்ல மாம்பழக் கூழ் டிரம் ஏத்திக்கினு வரும்போது புத்தலப்பட்டு கிட்ட ஒரே பொகை, இன்ஜின் ஜாம்.

நைனா வர்றதுக்குள்ள டப்பாவ பிடுங்கி பொதர்ல வீசிட்டேன்.

மேஸ்திரி ஷெட்டுக்கே இழுத்துகினு போய் பிரிச்சா... பிஸ்டன் உருகி ஓட்ட விழுந்திருக்கு. லைனர் கோடு கோடா தேஞ்சிருக்கு. நைனா என்னப் பாத்து, இன்னாடா ஆச்சின்னாரு. பயத்துல வாயில வந்துட்டுது, மேஸ்திரி டூப்ளிகேட் பிஸ்டன் போட்டுட்டாருன்னு.

ஒரு வாட்டி சொன்னா போதுமே, மிச்சத்த ஊர் பாத்துக்கும். ரெண்டு நாள்ல ஓனருங்க எல்லாம் ஷெட்ல கூடிட்டாங்க. யூனியன் பெரியவர் ஒருத்தர் மேஸ்திரிய பாத்து, வந்து சத்தியம் பண்றியான்னு தெலுங்குல கேட்டாரு, "காணிப்பாக்கம் வச்சி பிரமாணம் சேஸ்தாவா?"

எங்க பக்கம் அது தான் கடைசி கோர்ட்டு. காணிப்பாக்கம் புள்ளையார் கோயில் கொளத்துல முழுகிட்டு ரெண்டு பேரும் சத்தியம் பண்ணணும். பொய் சொன்னவன சாமி சும்மா விடாதுன்னு எல்லாருக்கும் பயம்.

அப்ப எம்பொண்ணுக்கு ஒன்றரை வயசு.

மேஸ்திரி என்னப் பாத்தாரு. அப்பால, சத்தியம்லாம் வேணாம், இன்ஜின நானே மறுபடி செஞ்சித் தரேன்னுட்டாரு.

அவ்ளோ தான். சத்தியத்துக்கு வரல, அப்ப தப்பு அவர் மேல தான்னு எல்லாரும் முடிவு கட்டிட்டாங்க. நானும் தலையாட்டிக்கினு நின்னேன். த்தூ.

வண்டி எடுக்கப் போன அன்னிக்கு சாவிய குடுத்துகினே மெதுவா சொன்னாரு. "டப்பாவுக்காக வெட்டின ஒயர ஒண்ணா சேத்து டேப் சுத்திட்டேன். கொழந்த வெச்சிருக்கறவன் நீ... அங்க வந்து பொய் சத்தியம் பண்ணக் கூடாது. அதான் நான் வரலன்னுட்டேன்."

வண்டிய எடுத்துகினு வந்துட்டேன்.

அதுக்கப்பறம் அவர் பக்கமே போகல. வேலை வராம ஷெட்ட மூடினாரு, திருப்பதில வேற ஒருத்தர் ஷெட்ல கூலிக்குப் போனாரு. எல்லாம் எனக்குத் தெரியும். பொண்ண ஸ்கூல் பஸ் ஏத்தி விடும்போதெல்லாம் அவர் நெனப்பு வரும். அப்பவும் யார் கிட்டயும் சொல்லல.

நாளைக்கு காலைல எடுக்கறாங்க. போறேன். அவர் வீட்டுக்காரம்மா முன்னாடி நின்னு இதையே சொல்லணும்... எப்படி சொல்லப் போறேன்னு தெரியல. நைனா கிட்ட இப்ப தான் போன்ல சொன்னேன். கேட்டுட்டு போன கட் பண்ணிட்டாரு.

குரூப்லயும் இதையே போட்டிருக்கேன். டப்பா மாட்னது நான், பொய் சொன்னது நான். திட்றவங்க நல்லா திட்டுங்க.

போன வருஷம் திருப்பதி பஸ் ஸ்டாண்ட்ல எதிர்ல வந்துட்டாரு மேஸ்திரி. ஒளிஞ்சிக்கலாம்னு பாத்தேன், முடியல. பாப்பா நல்லா இருக்காளான்னு கேட்டாரு. வண்டி எப்படி ஓடுதுன்னு கேட்டாரு. பஸ் வந்துடுச்சின்னு சொல்லிட்டு ஓடிட்டேன்.

நல்லா ஓடிச்சி மேஸ்திரி. வித்த அன்னிக்கு வரைக்கும் ஒரே வாட்டில ஸ்டார்ட்டு.

போய்ட்டு வாங்க...