வெட்டாத ரவிக்கைத் துணி

முந்தியைத் தன் இடது தோளில் போட்டு, கொசுவத்தை இடுப்பருகே பிடித்துக்கொண்டு, சண்முகசுந்தரம் லேசாகத் திரும்பி நிற்கிறார். வெள்ளைச் சட்டை, நரைத்த மீசை, மேலே மாம்பழ நிறப் பட்டு. தி. நகர் ஜவுளிக்கடையின் இரண்டாம் மாடியில் இதற்கு யாரும் சிரிப்பதில்லை. முப்பத்தொரு வருடமாக எத்தனையோ கல்யாணப் பெண்கள் தங்கள் சேலையை முதலில் அவர் உடம்பில்தான் பார்த்திருக்கிறார்கள்.

"சும்மா பாருங்கம்மா. பாக்கறதுக்கு பில் கெடையாது."

இது வாடிக்கையாளருக்கான பேச்சு. அவர்கள் நகர்ந்ததும் பக்கத்து கவுண்ட்டர் ஹனீஃபாவிடம் சைதாப்பேட்டைப் பேச்சு திரும்பிவிடும். "நாப்பது பொடவ பாத்துட்டு நைட்டி எங்க கீதுன்னு கேக்குதுபா." பிரித்த சேலைகளை மடிக்கும்போது மட்டும் அவர் பேசுவதில்லை. விளிம்பை முகவாயால் நெஞ்சோடு அழுத்தி, இரு கைகளையும் அகல விரித்து இழுத்து மடிப்பார். வாயைத் திறந்தால் பட்டு நழுவும்.

இந்த மே மாதம், மடித்த சேலைகளையே பிரித்து மறுபடி மடிக்கிறார்.

மகன் முத்துகிருஷ்ணன் ராணுவத்தில் இருக்கிறான். வைகாசியில் கல்யாணம். எல்லையில் சண்டை மூண்டதும் கூப்பிட்டான். "லீவு கேன்சல் நைனா. மண்டபத்துல சொல்லிடு. போன் ஆஃப்ல இருக்கும். அம்மாவ நியூஸ் பாக்க வுடாத." அது பத்து நாளைக்கு முன்பு. அவர் மனைவி தங்கம் டிவி வயரைப் பிடுங்கி அரிசி டப்பாவுக்குள் போட்டுவிட்டாள். பக்கத்து வீட்டு டிவி சுவரைத் தாண்டிக் கத்துகிறது.

பெண்ணின் அப்பா ஜோசியரிடம் போய்வந்தார். பையனுக்குக் கண்டமாம், வேறு இடம் பார்ப்பது உத்தமமாம்.

"பாம் போடறவன் கட்டம் பாத்தா போடறான்?" என்று சண்முகசுந்தரம் ஹனீஃபாவிடம் பொருமினார்.

"இத அவர்கிட்ட கேக்கறதுதானே?"

கேட்கவில்லை. ஏதாவது ஆகிவிட்டால், தாலி ஏறாத பெண்ணையும் ராசியில்லாதவள் என்று ஆயுசுக்கும் குத்திக் காட்டும் ஊர் இது. சுட்டவனை விட்டுவிடும், அனுப்பியவனை விட்டுவிடும், அவளைப் பிடித்துக்கொள்ளும். அந்தப் பெண்ணாவது தப்பிக்கட்டும் என்று வாயை மூடிக்கொண்டார்.

அவள் தேர்ந்தெடுத்த முகூர்த்தச் சேலை, அரக்கு நிறம், மயில்கழுத்துக் கரை, அவருக்குப் பின்னால் மேல்தட்டில் இருக்கிறது. பில் போட்டாகிவிட்டது. ஆனாலும் ரவிக்கைத் துணியை வெட்டாதவரை கடை திரும்ப எடுத்துக்கொள்ளும்.

வியாழக்கிழமை அடையாற்றிலிருந்து ஓர் அம்மாள் மகளோடு வந்தார். ஒரு கண் சேலையில், ஒரு கண் கைபேசிச் செய்தியில்.

"இந்தத் தடவ விடவே கூடாது சார். உள்ள பூந்து அடிக்கணும். என்ன சொல்றீங்க?"

"கரை இன்னும் கொஞ்சம் அகலமா பாக்கலாமாம்மா?"

அம்மாளின் பார்வை மேல்தட்டுக்குப் போனது. "அந்த அரக்க எடுங்க."

"அதுக்கு ஆள் இருக்காங்கம்மா."

"அவங்களுக்குக் கல்யாணம் எப்போ?"

"மாப்பிள்ள உள்ள பூந்து அடிச்சிட்டு வந்தப்புறம்மா."

சொல்லிவிட்டு, முகவாயால் ஒரு விளிம்பை அழுத்திக்கொண்டு மடிக்க ஆரம்பித்தார். அம்மாள் கைபேசியைப் பைக்குள் வைத்தார். அதன் பிறகு மகளும் தாயும் நிறம் பற்றி மட்டும், மெதுவாகப் பேசினார்கள்.

மதியம் ஒன்றரைக்கு ஸ்வர்ணலதா வந்தாள். அவர் வீட்டுக்கு வரவேண்டிய பெண். நந்தனம் அலுவலகத்தின் அடையாள அட்டை கழுத்திலேயே தொங்கியது. கூட யாரும் இல்லை.

"மாமா, நம்ம சேலய எடுங்க. ப்ளவுஸ் பிட்ட வெட்டிக் குடுங்க. தைக்கக் குடுக்கணும்."

"அப்பா இன்னாமா சொன்னாரு?"

"அவரு ஜோசியரக் கேட்டாரு. என்னக் கேக்கல."

"போன் இன்னும் வர்லமா."

"எனக்கும் வரல."

"வெட்டிட்டா திருப்பி எடுக்க மாட்டாங்க."

"அதுக்குத்தான் மாமா வெட்டச் சொல்றேன்."

ஹனீஃபா தன் கவுண்ட்டரில் எதையோ தேடுவதுபோலக் குனிந்துகொண்டார்.

சண்முகசுந்தரம் சேலையை இறக்கிப் பிரித்தார். வழக்கம்போல் தோளில் போட்டுக்காட்டவில்லை. ரவிக்கைத் துணி தொடங்கும் இடத்தை விரலால் தடவிப் பார்த்தார், தெரிந்த இடம்தான். கத்தரிக்கோலை எடுத்தார், ஒரு முறை திறந்தார், மூடினார். பிறகு வெட்டும் முனையைத் தன் கையில் வைத்துக்கொண்டு, பிடியை அவள் பக்கம் நீட்டினார்.

அவள் வாங்கிக்கொண்டதும், சேலையை முகவாயால் நெஞ்சோடு அழுத்தி, வெட்ட வேண்டிய இடத்தை இரு கைகளாலும் விறைப்பாக இழுத்துப் பிடித்தார்.